சுவரோரத்தில் திரும்பிய முள்

1987 நவம்பரில், பாரிஸின் லா சப்பலில் கோசலை திறக்கவிருந்த சேலைக் கடைக்கு வாமதேவன் சுவர்த்தட்டு அடிக்கப் போனார். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவர். மூன்று வருடமாக இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார்.

ஆறு வருடம் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்து கோசலை பிடித்த கடை அது. இப்போது அவரே அதன் சாவியைச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டு நின்றார்.

"தட்டு வேண்டாம் அண்ணை. பிள்ளையாரைக் கிழக்குப் பார்த்து வைப்பமெண்டால், காலமை ஒரு பக்கம் கிழக்கு, மத்தியானம் வேறை பக்கம். இஞ்சை என்னவோ கிடக்கு."

சூரியனைக் கேட்கலாமென்றால் பத்து நாளாக வானம் சாம்பல். அதனால் கோசலை திசைகாட்டி வைத்துத்தான் கிழக்குப் பார்த்தார்; அதை இரவல் கொடுத்தவர் மாடி வீட்டு பிலிப். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்.

"என் கம்பாசைக் குத்தம் சொல்லாதீங்க மதாம். பாலைவனத்துல வழி காட்டினது, உங்க பிள்ளையாருக்கா பொய் சொல்லும்?"

வாமதேவன் திசைகாட்டியை வாசலருகே தரையில் வைத்து, முள் காட்டிய பக்கம் சோக்கட்டியால் அம்புக்குறி போட்டார். ஓரடி நகர்த்தி இன்னொன்று. இப்படியே இடப்பக்கச் சுவர்வரை போனார். வாசலில் ஏறக்குறைய நேராக நின்ற அம்பு, சுவரை நெருங்க நெருங்கக் கூடுதலாகத் திரும்பியது.

"பாருங்கோ தங்கச்சி, பேயெண்டால் இவ்வளவு ஒழுங்காத் திருப்பாது. பூமியின்ரை இழுவை கடை முழுக்க ஒண்டுதான். சுவருக்கு அங்காலை கரண்ட் ஓடுற கம்பி ஒண்டு கிடக்கு. அதுக்கும் தன்னைச் சுத்தி ஒரு இழுவை. கிட்டப் போனால் கூடும். முள்ளு ரண்டையும் சேர்த்து இடையிலை ஒரு திசையைப் பிடிக்குது."

"தாயும் மனுசியும் இழுக்க நிக்கிற ஆம்பிளை மாதிரி."

"ஓம். ஆனால் முள்ளு ஒரு முடிவெடுக்கும்."

பக்கத்தில் பேனாட்டின் பட்டறை. கரண்டிகளுக்கு வெள்ளிமுலாம் பூசுபவர். பிலிப் போய்க் கேட்டார். நிலவறையிலிருந்து தடித்த செப்புக் கம்பி அதே சுவரோரமாகத்தான் மேலே ஏறியது. மின்சாரம் அதில் எந்நேரமும் ஒரே பக்கமாக ஓடும். பன்னிரண்டு மணிக்கு அதை நிறுத்திவிட்டு பேனாட் சாப்பிடப் போவாராம். பிள்ளையாருக்காக இன்று கொஞ்சம் முந்தியே நிறுத்துகிறேன் என்று சிரித்தார்.

அவர் நிறுத்தியதும் சுவரோரம் இருந்த முள் நடுங்கியது. மெல்லத் திரும்பி, வாசல் அம்பு காட்டிய பக்கமாகவே நின்றது.

கோசலை குனிந்து முள்ளையும் வாசல் அம்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு கையிலிருந்த சாவியைக் கைப்பைக்குள் போட்டார்.

"தட்டை அடியுங்கோ அண்ணை. இந்த உதவியை நான் மறக்கமாட்டன்."

"நன்றியை நான்தான் சொல்லவேணும். மூண்டு வருசமா என்னட்டை ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கேல்லை, கோப்பை முடிஞ்சுதோ எண்டதைத் தவிர."

சொல்லிவிட்டு, மேலே பேச்சு வராதபடிக்கு, இரண்டு ஆணிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டார்.