பேச்சிக்குப் பிடிமண்

பசுமை என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காரணம், பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் ஒரு சட்ட நிறுவனம். திசையன்விளைப் பக்கம் செம்மண் காட்டில் சூரிய மின் பூங்கா போட வந்த வெளிநாட்டு முதலாளிகளுக்கு அவர்கள்தான் வக்கீல். நிலங்களின் மூலப்பத்திரங்களைப் பார்த்துச் சொல்ல உள்ளூரில் ஒரு வக்கீல் வேண்டும் என்று, வண்ணார்பேட்டையில் பாத்திரக்கடை மாடியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஏறி வந்தார்கள்.

வந்த கூட்டத்துக்குத் தலைமை ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பிளாஸ்டிக்கைத் தொடுவதில்லை என்று சிரித்தபடியே பையிலிருந்து தன் எவர்சில்வர் பாட்டிலை எடுத்தார். கீழே அவர்களுடைய கார் ஏசியை அணைக்காமல், டவுன் பஸ்ஸையெல்லாம் மறித்துக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும், அச்சிடும் முன் மரங்களை நினைத்துப் பாருங்கள் என்று ஒரு வரி இருக்கும். மேலே பார்த்தால், எல்லாப் பத்திரத்துக்கும் மூன்று மூன்று நகல் கேட்டிருப்பார்கள்.

சூரிய மின்சாரத்தின் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. எங்கள் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? எடுத்துக்கொண்டு போகட்டும். ஆனால் அந்த நிலத்தின் நடுவே, ஓர் உடைமரத்தடியில், எங்கள் பேச்சியம்மனின் பீடம் இருந்தது. என் பிறந்த வீட்டுக் குலதெய்வம். என் சித்தப்பாதான் அவளுக்குச் சாமியாடி. நிலம் எத்தனையோ கை மாறியிருக்கிறது. வாங்கியவர் யாரும் பீடத்தைத் தொட்டதில்லை, வருஷா வருஷம் கொடைத் திருவிழாவுக்கு வருகிறவர்களை மறித்ததும் இல்லை. பீடத்துக்குத் தனிப் பட்டா கிடையாது, அவ்வளவுதான். அதையும் அதற்குப் போகிற தடத்தையும் விட்டு வேலி போடுங்கள் என்று முதல் நாளே சொன்னேன். எங்கள் குடும்பத்துச் சாமி என்பதையும் சொல்லித்தான் வேலையை ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பெண் பீடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார். சித்தப்பாவை அங்கே வரச் சொன்னேன். அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, விருந்தாளிக்குச் சொல்வது போல ஆசையாசையாகப் பேச்சியின் பெருமையைச் சொன்னார். பிழைக்கப் போன எங்கள் சொந்தக்காரர்கள் இங்கிருந்து பிடிமண் எடுத்துப் போய் மும்பையில் அவளுக்குக் கோயில் கட்டியிருப்பதையும் சொன்னார். ஒரு பிடி மண்ணை எடுத்துப் போய் வைத்தால் அங்கேயும் சாமி வந்துவிடும். அதுதான் பிடிமண்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ சாமியை இடம் மாத்த உங்க வழக்கத்துலயே வழி இருக்கு?" என்றார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். "என்னட்டி கேக்காவ இவிய? உறை ஊத்த ஒரு கரண்டி மோரு குடுத்தா, நம்ம வீட்டு மோருப்பானைய உடைச்சுட்டா குடுப்போம்? கிளை அங்கன இருக்கும். தாய் இங்கனதான் இருப்பா. நல்லா வெளக்கிச் சொல்லு."

விளக்கிச் சொன்னேன். அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அலுவலகத்துக்குத் திரும்பி எழுத்திலும் கொடுத்தேன்.

வேலி வந்தபோது பீடம் இல்லை. உடைமரமும் இல்லை. இரண்டும் இருந்த இடத்தைத் தரைமட்டமாக்கிக் கண்ணாடிப் பலகைகளை நட்டுவிட்டார்கள். ரோட்டோரமாக, குளியலறை டைல்ஸ் ஒட்டிய ஒரு புதுப் பீடம் நின்றது. ஒப்பந்தக்காரனின் ஆட்கள் பழைய இடத்து மண்ணைச் சிமெண்ட் சாக்கில் அள்ளிவந்து அதன் அடியில் கொட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சோலார் விளக்கு, தொட்டியில் ஒரு வேப்பங்கன்று. சட்ட நிறுவனம் அந்த வருடம் வெளியிட்ட பசுமை அறிக்கையை எனக்கும் பெருமையாக அனுப்பி வைத்தார்கள். 'உள்ளூர் மரபின்படி, பெரியவர்களின் வழிகாட்டுதலுடன் தெய்வம் இடம் மாற்றப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. மேலே, வெள்ளை வேட்டியில் என் சித்தப்பா சிரித்துக்கொண்டிருந்தார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பது இவர்களைப் பார்த்துத்தான் சொன்னது போல.

அவர்களுக்காக வேலை பார்த்த நான் அவர்களுக்கு எதிராக நிற்க முடியாது. பத்திரக் கட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, தெரிந்த வக்கீல் ஒருவர் மூலமாக ஊர்க்காரர்களை வழக்குப் போட வைத்தேன். அது வாய்தா வாய்தாவாக நடக்கிறது. ஜெயித்தாலும் இடித்த பீடத்தை எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது.

கொடை வந்தது. வேறு வழியில்லாமல் டைல்ஸ் பீடத்தின் முன்னால்தான் மேளம் கட்டினார்கள். உச்சி வெயிலில், கழுத்தில் மாலையோடு சித்தப்பா நின்றார். மேளக்காரர்கள் அடித்து அடித்துக் கை ஓய்ந்தார்கள். குலவை விட்ட பெண்களுக்குத் தொண்டை வறண்டது. சாமி வரவில்லை. மேளம் தொடங்கினாலே உடம்பு குலுங்கும் மனிதர், பஸ்ஸுக்கு நிற்பவர் போல நின்றுகொண்டிருந்தார். நான் தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவராகவே மாலையைக் கழற்றி வேலிக் கம்பியில் மாட்டினார்.

"அவ இங்கன இல்லட்டி," என்றார். "மண்ணக் கேட்டு எடுக்கணும். இவனுவ சரளு மாதிரில்லா அள்ளிட்டு வந்திருக்கானுவ."

"இனி என்ன செய்ய சித்தப்பா?"

"நம்ம பானை உடைஞ்சு போச்சு. மோரு வாங்கிட்டுப் போனவன் வீட்டுலதான் போயி ஒரு கரண்டி கேக்கணும். எனக்கு மும்பைக்கு டிக்கெட்டு போடு."

பேச்சி பிறந்த மண்ணில் வைக்க, மும்பையிலிருந்து பிடிமண்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டிக்கெட் போட்டேன்.

இந்தச் செய்தி அந்தப் பெண்ணின் காதுக்கு எப்படிப் போனதோ தெரியவில்லை. நெகிழ்ந்துபோனதாக எழுதியிருந்தார். சித்தப்பா மண்ணோடு ரயிலிலிருந்து இறங்கும்போது நல்ல படம் ஒன்று எடுத்து அனுப்ப முடியுமா, அடுத்த அறிக்கைக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார். விமானத்தில் போகாமல் ரயிலில் போவதற்குத் தனியாக ஒரு பாராட்டு வேறு.