ஜீப்பின் உதறலும் சுத்தியல் எடுக்காத வீடும்

வாய்க்கால் மதகைத் தாண்டியதும் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. கணவர் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். பிடிக்கப் பிடிக்க அதிகமானது. ஒரு பக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் நடவு வயல். எனக்கு அப்போது ஏழாம் மாதம். ஏறக்குறைய நின்ற பிறகுதான் ஜீப் அடங்கியது. "ஒண்ணுமில்ல" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

துபாயில் மணலில் ஓடும் உயரமான வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். பூம்புகார் பக்கம் இறால் குட்டை குத்தகைக்கு எடுத்ததும், சேற்றில் மாட்டாது என்று பழைய ஜீப்பை உயர்த்தி, என் இடுப்பு உயரத்துக்கு டயர் மாட்டினார். அதில்தான் வெள்ளிக்கிழமை என்னைப் பிரசவத்துக்குக் குத்தாலத்தில் அம்மா வீட்டில் விடுவதாகப் பேச்சு. வழி முழுக்க அதே வாய்க்கால் கரை.

பட்டறைக்காரர் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, எல்லாம் இறுக்கமாக இருக்கிறது என்றார். வீல் பேலன்ஸ் செய்தும் வீட்டுக்கு வரும் வழியில் உதறியது. இவர் டயரில் காற்றைக் குறைத்தார், கூட்டினார். மதகு வந்தால் உதறலும் வந்தது.

"நான் பஸ்ல போறேங்க."

"சொந்த வண்டிய வச்சுக்கிட்டு பஸ்லயா? உங்க வீட்ல என்ன நினைப்பாங்க?"

"வாய்க்கால்ல கவுந்தா மட்டும் நல்லவிதமா நினைப்பாங்களா?"

வியாழக்கிழமை காலை நானே ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். "ஜாக்கி வேண்டாம். பாரம் தரையில இருக்கும்போதுதான உதறுது? நான் திருப்புறேன், நீங்க கீழ படுத்துப் பாருங்க" என்றேன். இடமும் வலமுமாகத் திருப்பினேன்.

"என்னங்க தெரியுது?"

"புஷ் ஆடுது."

முன்பக்கக் கமான் பட்டையை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டைச் சுற்றி இருக்கும் சின்ன உருளை அது. தேய்ந்த பழையது. வண்டியை உயர்த்தியபோது புதியதை வாங்கியும் மாட்டவில்லை என்று அப்போதுதான் சொன்னார். சுத்தியலால் அடித்துத்தான் கழற்ற வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் அந்தச் சத்தம் கூடாது என்று என் மாமியார் தடுத்திருக்கிறார். குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் பழையதை அப்படியே விட்டு போல்ட்டை முடுக்கிவிட்டார். சின்ன டயர் பொறுத்துக்கொண்ட ஆட்டத்தைப் பெரிய டயர் பொறுக்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மாமியாரிடம் போனேன்.

"சுத்தியல் சத்தம் குழந்தைக்கு ஆகாது. வாய்க்கால்ல விழுந்தா ஆகுமா அத்தை?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. மகன் தேய்ந்ததையே விட்டுவைத்த விஷயம் அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

"வண்டிய ரோட்டுக்குத் தள்ளுடா. வாசல்ல அடிக்காத" என்று மகனிடம் சொன்னார். என்னைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிட்டு ரேடியோவை அலறவிட்டார். அப்படியும் ஒவ்வொரு அடியும் கேட்டது. அவ்வளவு வாய் பேசிய நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

புதியதை மாட்டிவிட்டு இவர் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். நானும் ஏறப் போனேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ இரு. முதல்ல நான் போய்ப் பாக்குறேன்."

அந்த உயரத்துக்குப் பயந்து ஒருநாளும் அதில் ஏறாதவர். முக்காலி போட்டு ஏற்றினோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஜீப் மதகை நோக்கி வேகமெடுத்தது. கரைத் திருப்பத்தில் மூங்கில் புதர் அதை மறைத்தது. நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது அத்தையின் கொண்டை அவிழ்ந்திருந்தது. இறங்கியதும் என் வயிற்றில் கையை வைத்தார்.

"வண்டி ஆடல" என்றார். "நாளைக்கு நீ தைரியமா போம்மா."