மீட்டர் பார்த்தவர்

பீம்ராவ் கார்களுக்கு ஒயரிங் பார்ப்பவர். வடசென்னையில் விம்கோ நகரைத் தாண்டி எண்ணூர் நெடுஞ்சாலையில் தகரம் போட்ட கடை, வீடு வியாசர்பாடியில். ஹாரன், செல்ஃப் மோட்டார் என்று தொடங்கியவர், நாற்பது வயதுக்கு மேல் புது மாடல் கார்களின் ஒயரிங் படங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு தானாகவே படித்தார்.

அந்தக் கார்களில் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர்கள் ஓடும். இன்ஜின், பிரேக், மீட்டர் போர்டு எல்லாம் அவற்றின் வழியாகத்தான் பேசிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் நடுவே மின்தடை அளக்கும் கைமீட்டரை வைத்தால் அறுபது ஓம் காட்ட வேண்டும். இரண்டும் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் பூஜ்யம். குலுங்கும்போது மட்டும் ஒட்டுகிற ஷார்ட் என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே படுத்து ஒயரை ஆட்ட, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து எண்ணைச் சொல்ல.

முன்பெல்லாம் அப்படி எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தவர் மனைவி யசோதரா. மதியச் சாப்பாடு கொண்டுவந்தால் அப்படியே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவார். புனேயில் மகள் கார்குழலிக்குக் குழந்தை பிறந்தபோது மூன்று மாதத்துக்கென்று போனார். மகள் வேலைக்குப் போகிறாள், குழந்தையைப் பார்க்க ஆளில்லை. இரண்டு வருடமாகிவிட்டது. சண்டை எதுவுமில்லை. "துன்னியா?" என்று போனில் கேட்பார். "துன்ட்டேன்" என்பார் இவர். அதோடு பேச்சு தீர்ந்துபோகும். வாயையே திறக்காமல் கடையைப் பூட்டிய நாட்களும் உண்டு.

2008 மே மாதம் செல்வநாதன் என்ற துறைமுகக் கிளியரிங் ஏஜென்ட்டின் கார் வந்தது. பள்ளத்தில் இறங்கினால் மீட்டர் முள்ளெல்லாம் படுத்து, இன்ஜின் நின்றுவிடுகிறது. வேறெங்கோ மீட்டர் போர்டையே மாற்றிப் பார்த்தும் பலனில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு அவர் ஆட்டோவில் போய்விட்டார்.

பீம்ராவ் கீழே படுத்து ஒயரை ஆட்டினார். எழுந்து வந்து பார்த்தார். அறுபது. மறுபடி கீழே, மறுபடி மேலே. ஷார்ட்டானால் மீட்டர் 'பீப்' என்று கத்தும்தான். ஆனால் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளின் உறுமலில் அது காதில் விழாது. முதுகு விண்ணென்று வலித்தது.

"அண்ணே, கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

காருக்கடியிலிருந்து பார்த்தால் நீல வார் போட்ட செருப்பும் இரண்டு கால்களும்தான் தெரிந்தன. ஏதோ லாரி டிரைவர்.

"கொடத்துல கீது, எட்த்துக்கோ நைனா." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒரு ஒதவி பண்றியா? உள்ள குந்திகினு மீட்டர்ல இன்னா நம்பர் வருதுன்னு சொல்லு" என்றார்.

"அதுக்கென்னங்க. எங்க வண்டி நேத்துலேர்ந்து நகரவே இல்லீங்க."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "அறுபதுங்க. அறுபது. அறுபதேதானுங்க."

எண்களுக்கு நடுவே பேச்சும் வந்தது. ஊர் நாமக்கல் பக்கம். மகள் பத்தாவது பாஸ். குளித்து மூன்று நாளாயிற்று. இந்த ஊர்க் காற்றில் உதடெல்லாம் கரிக்கிறது. பீம்ராவும் பேசினார், புனேயில் இருக்கும் பேரனுக்கு முதல் பல் முளைத்த கதை வரைக்கும். ஒயரை ஆட்டாமல் சும்மா படுத்தபடி பேசிக்கொண்டிருப்பதை நடுவில் உணர்ந்து, மறுபடி ஆட்டினார்.

"பூஜ்யமுங்க! ... இப்ப அறுபது. மறுபடி பூஜ்யம்!"

"அப்டியே இரு, அப்டியே இரு!"

பேட்டரிக்கு அடியில் இருந்த இரும்புப் பட்டையில் ஒயர்க்கட்டு உரசி, இரண்டு ஒயரும் தோலுரிந்திருந்தன. உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்திருந்தது.

"மாட்டிக்கிச்சுபா!" என்று கத்தினார். அதே நேரம் ரோட்டில் ஹாரன்கள் அலறின.

"லைன் நகருதுங்க, வர்றனுங்க!" நீல வார்ச் செருப்புகள் ஓடின.

பீம்ராவ் வெளியே வந்து பக்கத்துக் கடையில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனார். வரிசை அரை கிலோமீட்டர் முன்னே போய் மறுபடி நின்றிருந்தது. கேபின் கேபினாக அண்ணாந்து பார்த்தபடி நடந்தார். உயரத்தில் முகங்கள்தான் தெரிந்தன. எண் சொன்னவரின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. பெயரும் கேட்டிருக்கவில்லை.

"இன்னாபா தேடறே?" என்றார் ஒரு டிரைவர்.

"ஒண்ணுமில்ல. டீ குடிக்கிறியா?"

ஆறிப்போயிருந்த டீயை அவர் வாங்கிக் குடித்தார். பீம்ராவ் தன்னுடையதை நின்றபடியே குடித்துவிட்டு, ஒயரைப் பற்றவைத்து டேப் சுற்றக் கடைக்குத் திரும்பினார்.