குமுளி மேடு ஏறாத வேன்

என் தாய்மாமா எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டார் என்று அப்பா அடிக்கடி சொல்வார். மாமா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். ஒரு கோடை விடுமுறையில் எங்களைத் தேக்கடிக்குக் கூட்டிப்போவதாக அவர் சொன்னபோது, லீவு கிடைக்காது என்று அப்பா சிரித்தபடி நழுவிவிட்டார். மாமாவின் பழைய ஆம்னி வேனில் அம்மாவும் நானும் ஏறிக்கொண்டோம்.

தேனியிலிருந்து குமுளிக்கு இரண்டு மணி நேரம் போதும். மாமா அதை ஒரு முழு நாளாக்கியிருந்தார். வழியில் எந்த ஊரில் எந்தச் சொந்தம், யார் வீட்டில் எப்போது அடுப்பு எரியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வீரபாண்டியில் இட்லி, சின்னமனூரில் மோர், மார்க்கையன்கோட்டையில் மதியச் சாப்பாடு, ராத்திரிக்குக் கம்பம். ஓட்டலுக்கு ஒரு ரூபாய் கிடையாது. புதன்கிழமை கிளம்பியதற்கும் கணக்கு இருந்தது.

"சனிக்கிழமைன்னா குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு விரதக்காரங்க கூட்டம் ரோட்டை அடைச்சுக்கிரும். நின்னு நின்னு போனா பெட்ரோல் யாரு போடுறது?"

எனக்குத்தான் கேள்விகள் தீரவில்லை. சொந்தக்காரர்கள் ஏன் நமக்குச் சும்மா சோறு போடுகிறார்கள்? அவர்கள் தேனிக்கு வந்தால் மாமா வீட்டில் சாப்பிடுவார்களா? இரண்டாவது கேள்விக்கு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்லுவாக. நாம ஒரு வேளைதான?" என்றார் மாமா.

சாப்பாட்டோடு முடியவும் இல்லை. வீரபாண்டியில் தேங்காய் கொடுத்தார்கள். சின்னமனூரில் அறுவடை முடிந்த வீடு என்பதால் ஒரு வாழைத்தாரும் அரை மூட்டை அரிசியும் வேனில் ஏறின. சுற்றுலா போய் லாபம் பார்த்த முதல் ஆள் மாமாவாகத்தான் இருக்கும்.

மார்க்கையன்கோட்டையில் இருந்தது அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா, எனக்குப் பெரியம்மா. அவளுடைய போன் வேலை செய்யாததால் சொல்லாமலேதான் போய் நின்றோம். எங்களைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. மறுநொடியே அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவுக திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்காக. உக்காருங்க தம்பி, இந்தா உலை வச்சிர்றேன்."

மகளைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிப் பின்வாசல் வழியாக அனுப்பினாள். அந்த அக்கா திரும்பி வரும்போது ஒரு பாத்திரத்தைத் தாவணியால் மூடிக்கொண்டு வந்தாள். அதில் என்ன என்று கேட்க நினைத்தேன். அதற்குள் குழம்பு வாசம் வந்து மறந்துவிட்டேன்.

முருங்கைக்காய்க் குழம்பு அவ்வளவு ருசி. "நீயும் உக்காருக்கா" என்றாள் அம்மா.

"எனக்குக் குச்சனூர் சாமிக்கு விரதம். நீங்க நல்லாச் சாப்புடுங்க."

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. "பெரியம்மா, இன்னைக்குப் புதன்கிழமைதான? சனிக்கிழமைக் கூட்டம் வேணாம்னுதான் மாமா இன்னைக்குக் கூட்டியாந்தாக."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "வேண்டுதல் கண்ணு. எல்லா நாளும் இருக்கேன்" என்று பெரியம்மா சிரித்தபடி எனக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். எந்த வீட்டிலும் மறுசோறு கேட்டு வாங்கும் மாமா, அன்று கேட்காமலே கை கழுவ எழுந்துவிட்டார்.

பிறகு வேனின் பின்கதவைத் திறந்து அரிசி, வாழைத்தார், தேங்காய் எல்லாவற்றையும் இறக்கி வீட்டுக்குள் வைத்தார்.

"எதுக்குத் தம்பி இதெல்லாம்?" பெரியம்மா பதறினாள்.

"இம்புட்டுக் கனத்தோட குமுளி மேட்டுல வண்டி ஏறாதுக்கா. பாதி மலையில நின்னுட்டா யாரு தள்ளுறது? இங்கன கெடக்கட்டும், திரும்புறப்ப எடுத்துக்கிறேன்."

போன வருஷம் இதே வேனில் இரும்பு பீரோவை வைத்து மாமா மூணாறு வரை போனது எனக்கு நினைவுக்கு வந்தது. சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் விரல்கள் மறுபடி தொடைக்கு வந்துவிட்டன.

மறுநாள் காலை கம்பத்திலிருந்து கிளம்பினோம்; மலையில் வேன் சிரமமில்லாமல் ஏறியது. தேக்கடி பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்காமல், மாமா பூப்பாறை, போடிமெட்டு என்று ஊரைச் சுற்றி ஓட்டினார். நடுவில் பெட்ரோல்கூடப் போட்டார். போடி வந்ததும் எனக்குப் பகீரென்றது.

"மாமா, அரிசிய அங்கனயே விட்டுட்டு வந்துட்டோம்!"

"அட, ஆமால்ல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இத்தனை கணக்குப் பார்க்கிற மனிதருக்கு இவ்வளவு மறதி எப்படி வந்தது என்று வீடு வந்துசேரும் வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.