லேமினேட் செய்த உயில்

அம்மாவுக்கு எந்தக் காகிதத்தையும் லேமினேட் செய்தால்தான் நிம்மதி. ஞானஸ்நானச் சான்றிதழ், எங்கள் பள்ளி ரிப்போர்ட், பங்குத்தந்தை எழுதிக் கொடுத்த வாழ்த்து, எல்லாம் லிட்டில் இந்தியா கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக்குக்குள் புகுந்துவிடும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அண்ணன் ஓர் உயிலை நீட்டினான். சுவா சூ காங் வட்டாரத்தில் அப்பா வாங்கிய வீடு முழுக்க அவனுக்காம். சாட்சிகள் இரண்டு பேரும் அவன் நண்பர்கள். அப்பா ஒரே இழுப்பில் கையெழுத்துப் போடுகிற ஆள். இது நின்று நின்று வரைந்தது போல இருந்தது. அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். பிறகு வீட்டை விற்கப்போவதாகவும் அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போவதாகவும் தகவல் வந்தது. வழக்குப் போட்டேன்.

கோர்ட் சொன்னதன் பேரில், கையெழுத்துகளை ஆராயும் ஒரு பெண்மணியிடம் உயில் போனது. தஞ்சோங் பகாரில் அவர் அலுவலகம். விளக்கடியில் உயிலைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஒரிஜினல லேமினேட் பண்ணிட்டாங்களே. பேனா எங்க நின்னுச்சு, எவ்ளோ அழுத்துச்சுன்னு பேப்பர்லதான் பாக்கணும். ஹீட்ல எல்லாம் போச்சு. உரிச்சா பேப்பரும் கூடவே வந்துடும்."

"பாத்தாலே தெரியுதே, அது அப்பா போட்டதில்லன்னு."

"எனக்கும் டவுட் இருக்கு. ஆனா கோர்ட்ல அடிச்சு சொல்ல முடியாதுங்க."

ரயிலில் வரும்போது அம்மா மேல்தான் கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன், "அந்த உயில எதுக்கும்மா லேமினேட் பண்ணீங்க?"

"அண்ணன்தான் கேட்டான். நீ சத்தம் போட்டுட்டுப் போனல்ல, மறுநாள் காலையில கொண்டாந்து குடுத்தான். அப்பா கையெழுத்து, தண்ணி பட்டா போயிடும், நீங்கதான் இதெல்லாம் கரெக்டா செய்வீங்கன்னான்."

தன் திருட்டை மறைக்கப் பெற்றவளையே கடைக்கு அனுப்பியிருக்கிறான். பாவி. அவன் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அம்மா என் கையைப் பிடித்தார்.

"இருக்கிறதுலயே கெட்டியான பிளாஸ்டிக்கா போடச் சொன்னேன் லா. அப்பா கையெழுத்து நல்லா தெரியுதுன்னு சொன்னாங்களா?"

"தெரியுதும்மா" என்றேன்.