மாமாவின் இடது கால்

மாமாவுக்கு மொன்ட்ரியாலில் அது முதல் குளிர்காலம். அம்மாவின் ஒரே தம்பி அவர். ஊரில் ஷெல் துண்டொன்று முதுகில் பாய்ந்த நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வு இல்லை. அம்மா பல வருடங்கள் அலைந்து அவரை சென்ட் லோரன்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு எடுப்பித்திருந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. வீட்டில் பிரெஞ்சு ஒழுங்காகப் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் சனிக்கிழமைகளில் மாமாவோடு உடற்பயிற்சிச் சிகிச்சை நிலையத்துக்குப் போகும் பொறுப்பு எனக்கு வந்தது. அதைப் பெரிய பதவியாக எண்ணி வகுப்பு முழுவதும் சொல்லித் திரிந்தேன்.

சனிக்கிழமையும் தொழிற்சாலைக்குப் போகும் அம்மா, ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று ஒரே பாடத்தை ஒப்புவிப்பார். மெல்லிய சொக்ஸ், அதற்கு மேல் கம்பளிச் சொக்ஸ், பிறகு பூட்ஸ். சக்கர நாற்காலி ஏற்றும் பஸ் வரும்வரை கதவுக்கு உள்ளேயே நிற்க வேண்டும்.

அன்று குளிர் மைனஸ் இருபத்தைந்துக்கும் கீழே. மாமாவின் வலது கால் என் கைக்கு வளைந்து கொடுத்தது. இடது கால் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றது. கம்பளிச் சொக்ஸோடு அதை பூட்ஸுக்குள் தள்ள முடியவில்லை. நான் கம்பளியைக் கழற்றிக் கட்டிலின் கீழே தள்ளிவிட்டு, மெல்லியதோடு காலை நுழைத்தேன்.

"குளிருமோ மாமா?"

"எனக்கென்னடி குளிர்? கால் இருக்கிறதே தெரியாது" என்று சிரித்தார்.

கீழ்வாசல் கண்ணாடியில் பனி படிந்து வீதி தெரியவில்லை. முந்திய வாரம் பஸ் வந்ததைக் கவனிக்காமல் தவறவிட்டிருந்தோம். இந்த முறை விடக்கூடாது என்று நான்தான் நாற்காலியை வெளியே தள்ளினேன். பனியால் பஸ் பிந்தியது. முக்கால் மணி நேரம் நின்றிருப்போம். என் விரல்கள் எரிந்தன. நான் ஒரு கால் மாற்றி மறு காலில் துள்ளிக்கொண்டிருந்தேன். மாமாவைக் கேட்டேன். குளிரவில்லை என்றார். அவர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

பின்னேரம் அம்மா வந்து பூட்ஸைக் கழற்றினார். இடது கால் விரல்கள் ஊதி, நீலம் பாரித்து, கொப்புளம் கட்டியிருந்தன. அம்மா போட்ட சத்தத்தில், இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து ஓடி வந்தார்.

மருத்துவமனையில் தாதி என்னிடம்தான் கேட்டாள்: இந்தக் காலுக்கு மட்டும் ஏன் தடித்த சொக்ஸ் இல்லை? கேள்வியைத் தமிழில் மாமாவுக்குச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இறுக்குது எண்டு நான்தான் கழட்டி எறிஞ்சனான். அப்பிடியே சொல்லு, பிள்ளை."

நான் அப்படியே சொன்னேன்.

"டேய், உனக்கென்ன விசரே? நீயென்ன சின்னப்பிள்ளையே?" அம்மா அங்கேயே அழுதுகொண்டு ஏசத் தொடங்கினார். விரல்கள் கறுத்து, அவற்றில் இரண்டை வெட்டி எடுத்த பிறகும் அந்த ஏச்சு நிற்கவில்லை. ஒரு காலையாவது காப்பாற்றத் தெரியாதவன் என்று, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு ஞாபகம் பிசகிவிட்டது, நல்லவேளை தப்பினேன் என்று நான் நினைத்தேன்.

காயம் ஆறியதும் மறுபடி சனிக்கிழமை வந்தது. இனித் தானே சொக்ஸ் போட்டுவிட்டு வேலைக்குப் போவதாகச் சொல்லி அம்மா குனிந்தார். மாமா கால்களைத் தொட விடவில்லை.

"நீ போ அக்கா. அவள் செய்வாள்."

அம்மா முணுமுணுத்தபடி போனார். அவருக்கு எதுவும் மறந்துபோகவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் மாமாவின் முன்னால் முழங்காலிட்டு, இரண்டு விரல் குறைந்த அந்தக் காலைக் கையில் எடுத்தேன். முதலில் மெல்லியது, பிறகு கம்பளி என்று ஒவ்வொன்றாக இழுத்துவிட்டேன். அவர் அவசரப்படுத்தாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குளிர்காலம் முடியும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும், வேறு யாரையும் விடாமல், என்னைத்தான் கூப்பிட்டார்.

அதை எனக்கு அவர் தந்த தண்டனை என்றுதான் அப்போது நினைத்தேன்.