கதிரில்லாத மரக்கால்

“உடலில் குறையில்லை. ஓடிப்போகிறவன் இல்லை. சாந்த குணம், பணிந்த பேச்சு.” அடிமைச் சந்தையில் விற்பனைக்கு நிறுத்தியபோது ஸ்டாஃபிலஸின் கழுத்தில் தொங்கிய பலகை இப்படிச் சொன்னது. கடைசி வரியை நம்பித்தான் ரோமாபுரியின் நாணயச்சாலை அவனை வாங்கியது. அன்றுமுதல் அங்கே பொழுது வசையோடு விடிகிறது.

நாணய அச்சில் உருவங்களை இடவலம் மாற்றி வெட்டுவது அவன் வேலை. பேரரசரின் தலைக்கு வேறு ஆள் உண்டு. காசின் பின்பக்கத்துத் தேவியர் இவன் பொறுப்பு. உளியைத் தொடுமுன் வெளிச்சத்தைத் திட்டுவான், வெண்கலத்தைத் திட்டுவான். சுத்தியல் அடிக்கும் கார்ப்பஸை மட்டும் கடைசிக்கு வைத்திருந்து ஆற அமரத் திட்டுவான்.

“மாடு மிதிக்கிற மாதிரி அடிக்காதடா! அது தெய்வத்தோட மூக்கு.”

“தெய்வம் ஒண்ணும் சொல்லலியேண்ணே. நீதான் கத்துற.”

அமைதித் தேவியின் முகத்தை இவனளவு அழகாக வெட்ட அந்தச் சாலையில் வேறு கை கிடையாது.

மேலிடத்து உத்தரவுகளையும் அவன் திருப்பிப் போட்டே படிப்பான். “சிறகு வச்ச வெற்றித் தேவியா? எங்கயோ செம அடி வாங்கியிருக்கானுங்க. ஒத்துமைன்னு ரெண்டு கை கோத்துக்கிட்டு நிக்கணுமா? படைப் பாளையத்துல கத்திக்குத்து.” அவன் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

இந்த வசந்தத்தில் எகிப்திலிருந்து தானியக் கப்பல்கள் வரவில்லை. ரொட்டிக்கடைகள் கதவைச் சாத்தின. அப்போதுதான் கண்காணி டிரைஃபோன் புது உத்தரவோடு வந்தார்: தானியத் தேவி, காலடியில் தானியம் அளக்கிற மரக்கால், அதில் பொங்கி நிற்கும் கதிர்.

“நல்லா நிறைவா இருக்கட்டும். ஊரே பாக்கப்போவுது.”

“பாத்தா பசி அடங்குமா?”

“வாய மூடுறியா, சுரங்கத்துக்குப் போறியா?”

ஸ்டாஃபிலஸ் வெட்டினான். ஒரு வசைகூட இல்லாமல் வெட்டினான். யாராவது அப்போதே பயந்திருக்க வேண்டும். முந்தின நாள் குடித்த அவரைத்தொலிக் கஞ்சியின் பலத்தில் கார்ப்பஸ் அடித்துத் தள்ளினான்.

காசுகள் கூடை கூடையாக வெளியேறிய பிறகே டிரைஃபோன் ஒன்றைக் கண்ணருகே பிடித்தார். தேவி இருந்தாள். மரக்கால் இருந்தது. அதன் விளிம்புக்கு மேல் ஒரு கதிர்கூட இல்லை.

பேரரசரைக் கேலி செய்த குற்றம் என்றால் கண்காணியின் தலையும் தப்பாது. டிரைஃபோன் சட்டென்று வழி கண்டார். “அச்சுல அழுக்கு அடைச்சிருக்கு, அதான் கதிர் விழல. தொடைக்காதது கார்ப்பஸ். இவனக் கட்டிவச்சு அடிங்கடா!”

அச்சு அடைத்துக்கொள்வது அங்கே வழக்கந்தான், யாரும் நம்புவார்கள். கார்ப்பஸ் ஸ்டாஃபிலஸைப் பார்த்தான். தனக்குச் சாட்டை, இல்லையென்றால் அண்ணனுக்குச் சுரங்கம்.

“ஆமாய்யா, நான்தான் தொடைக்கல,” என்று அங்கியைத் தோளிலிருந்து இறக்கினான்.

“பொய்யி!” என்று பாய்ந்தான் ஸ்டாஃபிலஸ். “இந்தக் கழுத தொடைக்காம இருந்தா நான் சும்மா விட்டிருப்பனா?”

அச்சைப் பிடுங்கினான். புளித்த காடியில் முக்கி, பன்றிமயிர்த் தூரிகையால் எல்லார் முன்னாலும் அழுத்தித் தேய்த்து, டிரைஃபோனின் உள்ளங்கையில் வைத்தான். கதிர் இருக்கவேண்டிய இடம் வழவழவென்றிருந்தது. அவன் அங்கே உளியே வைக்கவில்லை.